அவுட்ரன் (1986): கடைசிக் கட்டம் வரை போவது எப்படி? கியர், பாதை, ஸ்டியரிங் அமைப்பு, போர்டு

#1 மாட்டுவண்டி

சேகாவின் அவுட்ரன் (கார் ஓட்டும் ஆர்கேட் வீடியோ கேம்) பற்றி தமிழில் ஒரே இடத்தில் எதுவும் இல்லை, அதனால் இந்த இழை. என் கேள்விகளை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

மேமில் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்) கீபோர்டு வைத்து ஓட்டினால் நாலாவது கட்டத்தின் பாதியிலேயே நேரம் தீர்ந்துவிடுகிறது. வளைவு வந்தால் பிரேக் போடுவதா, கியரைக் குறைப்பதா? இடது பக்கம் போனால் சுலபம் என்கிறார்களே, நிஜமா? யூஎஸ்பி ஸ்டியரிங் வாங்கினால் பிரயோஜனம் உண்டா? கேனன்பால் என்று ஒன்று இருக்கிறதாமே, அது எதற்கு?

#2 ஹைகியர்

மற்ற கார்களை எதிரியாக நினைப்பதை முதலில் விடுங்கள். இதை உருவாக்கிய யூ சுசுகியே இதை ரேஸ் கேம் என்று சொல்லாமல் டிரைவிங் கேம் என்றுதான் சொல்வார். எத்தனாவது இடம் என்ற கணக்கே திரையில் கிடையாது. மேலே இடது மூலையில் ஓடும் நேரம் ஒன்றுதான் கணக்கு.

நார்மல் அமைப்பில் 75 விநாடியோடு தொடங்குகிறது. ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் அடுத்த கட்டத்துக்கான நேரம், கையில் மிச்சமிருப்பதோடு சேர்கிறது. பெரும்பாலானவர்கள் கவனிக்காதது இதைத்தான். முதல் கட்டமான கோகோநட் பீச்சில் மிச்சம் பிடித்த 8 விநாடி அப்படியே ஐந்தாவது கட்டம் வரை கூட வரும். நாலாவது கட்டத்தில் நேரம் தீர்கிறது என்றால் கோளாறு நாலாவதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஒன்றிலும் இரண்டிலும் எங்கே கோட்டை விட்டீர்கள் என்று பாருங்கள்.

விபத்து இரண்டு வகை. மெதுவாகப் போகும்போது எதையாவது தொட்டால் கார் சுழன்று நிற்கும், அது சின்னச் செலவு. வேகமாகப் போய் மரத்திலோ பலகையிலோ இடித்தால் கார் உருண்டு, உள்ளே இருக்கும் இரண்டு பேரும் வெளியே வந்து விழுவார்கள். அந்தக் காட்சி முடிந்து, பூஜ்யத்திலிருந்து பழைய வேகத்துக்கு வருவதற்குள் பத்து விநாடிக்குப் பக்கத்தில் போய்விடும். அப்படி இரண்டு முறை உருண்டால் ஐந்தாவது கட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

உருண்டு எழுந்த பிறகு பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இதில் லோ, ஹை என்று இரண்டே கியர், அது ஹையிலேயே இருக்கும். அப்படியே மிதித்தால் கார் நகரவே யோசிக்கும். காட்சி ஓடும்போதே லோவுக்குத் தட்டிவிடுங்கள். எழுந்ததும் முழுசாக மிதித்து, இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ரெவ் பட்டை சிவப்பைத் தொட்டதும் ஹை. முன்னாடியே மாற்றினால் இழுவை செத்துவிடும். சிவப்பிலேயே வைத்திருந்தாலும் வேகம் ஏறாது, லோவுக்கு அதுதான் எல்லை. ஹையில் 293 கிமீ வரை போகும்.

#3 ஹைகியர்

வளைவை விட்டுவிட்டேன்.

பிரேக் பெடல் அநேகமாகத் தேவைப்படாது. வளைவில் கார் வெளிப்பக்கம் தள்ளப்படும், வேகம் கூடக் கூடத் தள்ளலும் கூடும். ஸ்டியரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் தீராத வளைவில் செய்ய வேண்டியது, ஆக்ஸிலரேட்டரை ஒரு நொடிக்கும் குறைவாக விட்டு மறுபடி மிதிப்பது. 293 இலிருந்து 260, 250 வரை இறங்கினாலே பெரும்பாலான வளைவுக்குப் போதும். பிரேக் தொட்டால் 200க்குக் கீழே போய்விடும், திரும்ப ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

டயர் கிறீச்சிடும் சத்தம்தான் அளவுகோல். லேசாகக் கிறீச்சிட்டால் சரியாகப் போகிறீர்கள். சத்தம் நீண்டுகொண்டே போய், காரும் லேன் லேனாக வெளியே நகர்ந்தால் இன்னும் முறுக்காதீர்கள், காலை எடுங்கள்.

வளைவு திரையில் தெரிவதற்கு முன்னாலேயே உள்பக்க லேனுக்கு வந்துவிடுவது இன்னும் முக்கியம். வலது வளைவு என்றால் வலது ஓரத்தில் நுழையுங்கள். வெளியே தள்ளும்போது மூன்று லேன் அகலம் உங்கள் கையில் இருக்கும், அதைச் செலவு பண்ணிக்கொண்டே திரும்பலாம். நடு லேனில் நுழைந்தால் பாதிதான் இருக்கும்.

#4 சாலைக்கோடு

பாதை பற்றி நான் சொல்கிறேன். மொத்தம் 15 கட்டம், ஒரு ஆட்டத்தில் ஓட்டுவது 5. பிரமிடு மாதிரி 1, 2, 3, 4, 5 என்று விரிகிறது. நான்கு இடத்தில் சாலை பிரிவதால் 16 வழி, 5 முடிவு. வெளிநாட்டுப் பதிப்பில் வரிசை இப்படி:

முதல் கட்டம் கோகோநட் பீச்.
இரண்டாவது: இடது கேட்வே, வலது டெவில்ஸ் கேன்யன்.
மூன்றாவது: டெசர்ட், ஆல்ப்ஸ், கிளவுடி மவுன்டன்.
நான்காவது: வில்டர்னெஸ், ஓல்ட் கேபிடல், வீட் ஃபீல்ட், சீசைட் டவுன்.
ஐந்தாவது: வின்யார்ட், டெத் வேலி, டெசொலேஷன் ஹில், ஆட்டோபான், லேக்சைட்.

ஜப்பான் பதிப்பில் கட்டங்களின் வரிசையே வேறு. அந்த ரோமை (ஆட்டத்தின் நிரலும் படமும் இருக்கும் சிப், அதன் கோப்பு) வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள்.

இடது சுலபம், வலது கஷ்டம் என்பது நிஜம்தான். ஒவ்வொரு பிரிவிலும் இடதையே எடுத்தால் கோல் ஏ, அதாவது வின்யார்ட். முழுக்க வலது என்றால் கோல் ஈ, லேக்சைட். இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். கோல் பி, டி இரண்டுக்கும் நான்கு நான்கு வழி, நடுவில் இருக்கும் கோல் சிக்கு ஆறு. புதிதாகத் தொடங்குபவர் முழு இடதில் ஒரு முறை முடித்துவிட்டு, கடைசிப் பிரிவில் மட்டும் வலது எடுத்துப் பார்க்கலாம். நான்கு கட்டம் ஏற்கெனவே கைக்குள் இருக்கும், புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நடுவில் ஒரு இடத்தில் மாற்றினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் புதுசாகிவிடும்.

பிரிவில் அடிபடுகிறவர்கள்தான் அதிகம். சாலை அகலமாகத் தொடங்கியதுமே முடிவெடுத்து அந்தப் பக்க ஓரத்துக்குப் போய்விடுங்கள். நடுவில் தொங்கிக்கொண்டிருந்தால் இரண்டு சாலைக்கும் இடையில் இருக்கிற மண்ணில் இறங்குவீர்கள். அங்கே நட்டிருப்பதெல்லாம் இடித்தால் உருட்டுகிற சாமான்.

#5 மாட்டுவண்டி

நன்றி அண்ணே. கோல் சிக்கு ஆறு வழி என்பது இதுவரை தெரியாது.

இன்னொன்று. ஜப்பான்காரர்கள் ஓட்டும் வீடியோவில் கார் புல்லில் முழுசாக இறங்கி 290இல் போகிறது, வேகமே குறையவில்லை. இடையிடையே பின்னால் புகை வருகிறது. அது ஏமாற்று வேலையா?

#6 ஹைகியர்

ஏமாற்று இல்லை. ஜப்பானில் அதற்குப் பெயர் கியர் கச்சா. கியர் குச்சியை கச்ச கச்ச என்று ஆட்டுகிற சத்தம்தான் அந்தப் பெயர்.

வழக்கமாகச் சாலையை விட்டு இறங்கினால் ஆட்டம் வேகத்தைப் பிடுங்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கினால் கொஞ்சம், இரண்டு பக்கமும் இறங்கினால் நிறைய. ஹையில் வேகமாகப் போகும்போது லோவுக்குத் தட்டி உடனே ஹைக்குத் திருப்பினால் டயரிலிருந்து புகை கிளம்பும். அந்தப் புகை இருக்கும் வரைக்கும் இந்தப் பிடுங்கல் வேலை செய்யாது. புகை அடங்குவதற்குள் மறுபடி தட்டினால் மறுபடி சலுகை.

தப்பாகும் இடங்கள்:

லோவில் தங்கிவிடுவது. தட்டுவது ஒரு சொடுக்கு நேரம்தான் இருக்க வேண்டும். லோவில் நின்றுவிட்டால் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும், லாபம் நஷ்டமாகும்.

புல்லில் இறங்கி வேகம் விழுந்த பிறகு தட்டுவது. விழுந்த வேகத்தைக் கச்சா திருப்பித் தராது. சக்கரம் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முதல் தட்டு விழ வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை விடுவது. கை ஆடும்போது கால் தானாக லேசாகும். கால் முழுக்க மிதித்தபடியே இருக்க வேண்டும்.

அப்புறம், மரம் மரம்தான். புகை வந்தாலும் இடித்தால் உருளும்.

#7 பிக்சல் பித்தன்

ஹைகியர் சொன்னது சரி. ஆனால் மாட்டுவண்டிக்கு இப்போது கச்சா வேண்டாம் என்பது என் கருத்து. கோல் ஏ முடிக்க அது தேவையே இல்லை. ஸ்கோரும் நேரமும் துரத்துபவர்களுக்கான வித்தை அது. சாலைக்குள் 270க்கு மேல் நிற்கத் தெரியாதவன் அதைப் பழகினால், ஓரம் எங்கே இருக்கிறது என்ற உணர்வே வராது.

#8 ஹைகியர்

பழக வேண்டாம் என்றா சொன்னேன்? கேட்டார், சொன்னேன். இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், முதலில் கோல் ஏ.

#9 நாணயப்பெட்டி

மேம் அமைப்புக்கு வருவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அவுட்ரன் கஷ்டமாகத் தெரிவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மூல இயந்திரத்தில் ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், பிரேக் மூன்றும் அனலாக். ஆட்டம் எதிர்பார்க்கும் எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ், 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள்) இப்படி: ஸ்டியரிங் முழு இடதிலிருந்து முழு வலது வரை 20 முதல் ஈ0, நடு 80. பெடல் இரண்டும் விட்டால் 30, முழுக்க மிதித்தால் 90. கீபோர்டில் அம்பு விசையை அழுத்தினால் மேம் இந்த எண்ணை ஒரு வேகத்தில் நகர்த்துகிறது, விட்டால் நடுவுக்கு இழுக்கிறது. இந்த இரண்டு வேகத்தையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்டம் ஓடும்போது டேப் விசை, அதில் அனலாக் கன்ட்ரோல்ஸ். பேடிலுக்கு (ஸ்டியரிங்குக்கு மேம் வைத்த பெயர்) நேரே இன்கிரிமென்ட் வேகத்தைக் குறையுங்கள், ஆட்டோ சென்டரிங் வேகத்தைக் கூட்டுங்கள். இப்போது விசையைச் சின்னச் சின்னதாகத் தட்டினால் கார் அரை லேன் நகரும், பிடித்தால் முழு வளைவு கிடைக்கும். இன்கிரிமென்ட் அதிகமாக இருந்தால் ஒரு தட்டுக்கே கார் ஓரத்துக்கு ஓடும். அதைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் ஓடும், பாம்பு மாதிரி.

யூஎஸ்பி ஸ்டியரிங் என்றால் மேமின் அமைப்புக் கோப்பில் (mame.ini) இரண்டு வரி. ஜாய்ஸ்டிக் டெட்ஜோன்: பழைய பதிப்புகளில் 0.3, புதியவற்றில் 0.15 என்று வரும். இது கேம்பேடுக்கான அளவு. ஸ்டியரிங்குக்கு 0 வையுங்கள், சக்கரம் நடுவில் துள்ளினால் 0.02. அடுத்தது ஜாய்ஸ்டிக் சாச்சுரேஷன், 0.85 ஆக இருக்கும். அதை 1.0 ஆக்குங்கள். இதை மாற்றாமல் ஸ்டியரிங் சரியில்லை என்று திட்டுபவர்கள் ஏராளம். நடுவில் ஒன்றுமே நடக்காது, திடீரென்று பிடிக்கும், முனைக்கு வருவதற்கு முன்பே முழு முறுக்கும் முடிந்துவிடும் என்று சொல்வார்கள். மூன்றும் இந்த இரண்டு வரியின் வேலை.

900 டிகிரி சுற்றும் சக்கரத்தை அதன் டிரைவர் மென்பொருளில் 270க்குக் குறையுங்கள். ஆர்கேட் சக்கரம் கையை எடுக்காமல் திருப்புகிற அளவுதான் சுற்றும்.

பெடல் மிதிக்காமலே கார் ஓடினால் அனலாக் கன்ட்ரோல்ஸில் அந்தப் பெடலுக்கு ரிவர்ஸை ஆன் செய்யுங்கள். சில பெடல்கள் விட்ட நிலையில்தான் முழு எண்ணை அனுப்பும்.

டிப் சுவிட்ச் (போர்டில் அமைப்புகளை மாற்றும் குட்டி சுவிட்சுகள்) பட்டியலில் நேரமும் எதிர்க் கார்களும் தனித்தனியாக இருக்கும். பழகும்போது கார்களை ஈசியில் வைத்து நேரத்தை நார்மலில் விடுவது நல்லது. நேரத்தைக் கூட்டிப் பழகினால் மெத்தனம்தான் பழகும்.

#10 மாட்டுவண்டி

கியர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுமா, ஒரு முறை தட்டினால் போதுமா? குச்சி மாதிரி ஷிஃப்டர் வைத்திருப்பவர்களுக்கு எப்படி?

#11 நாணயப்பெட்டி

மேமில் அது டாகிள். ஒரு தட்டு ஹை, இன்னொரு தட்டு லோ. எதில் நிற்கிறது என்று திரையின் கீழே இருக்கும் கியர் குறியைப் பாருங்கள். கச்சா என்றால் இரண்டு தட்டு, டக் டக்.

மூல இயந்திரத்தின் ஷிஃப்டர் வேறு மாதிரி. அது வெறும் சுவிட்ச், ஒரு பக்கம் மூடியிருக்கும், மறு பக்கம் திறந்திருக்கும். அப்படிப்பட்ட குச்சியை டாகிளோடு இணைத்தால் குச்சி மேலே இருக்கும்போது திரையில் லோ வந்து நிற்கும், தலைகீழாகிவிடும். கேனன்பாலில் இதற்குத் தனித்தனி வழி இருக்கிறது: தட்டினால் மாறுவது, கேபினட் சுவிட்ச் போல் நிலையைப் படிப்பது, இரண்டு கியருக்கு இரண்டு பொத்தான், தானியங்கி. குச்சி இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

#12 பிக்சல் பித்தன்

கேனன்பால் பற்றி. அது எமுலேட்டர் இல்லை. கிறிஸ் ஒயிட் என்பவர் மூல ரோமில் இருந்த நிரலை வரி வரியாகப் பிரித்துப் படித்து, சி++ இல் மறுபடி எழுதிய இன்ஜின். படமும் ஒலியும் இன்னும் மூல ரோமிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் ரிவிஷன் பி. வேறு ரிவிஷனைப் போட்டால் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும்.

கிடைக்கும் லாபம்: அகலத்திரை, நொடிக்கு 60 ஃபிரேம், ஸ்கோர் சேமிப்பு, ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டும் டைம் டிரையல், 15 கட்டத்தையும் தொடர்ச்சியாக ஓட்டும் முறை. மேமைப் போல மொத்த போர்டையும் போலி செய்ய வேண்டியதில்லை என்பதால் சின்னக் கணினியிலும் ஓடும். வளைவுகளைப் படிக்க டைம் டிரையலை மிஞ்சி எதுவும் இல்லை.

மூலத்தில் ஸ்கோர் பட்டியல் மின்சாரத்தை நிறுத்தினால் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

#13 சாலைக்கோடு

60 ஃபிரேம் எனக்கு ஒப்பவில்லை. மூலம் நொடிக்கு 30 தான். மரங்கள் ஒரு தாவலாகப் பெரிதாகி வருவது அந்த ஆட்டத்தின் முகம். 60இல் எண்ணெய் தடவினது மாதிரி வழுக்குகிறது.

#14 பிக்சல் பித்தன்

ரசனை. ஆனால் அந்தத் தாவல் வேண்டுமென்று வைத்தது இல்லை, வன்பொருளின் வரம்பு. 1986 செப்டம்பரில் வந்த போர்டு: 12.5 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மோட்டரோலா 68000, ஒலிக்கு ஒரு இசட்80. திரை 320க்கு 224. இதில் முப்பரிமாணம் என்று எதுவும் கிடையாது. மரம், பாறை, லாரி எல்லாம் ஸ்பிரைட்டுகள், அதாவது தட்டையான தனிப் படங்கள். தூரத்துக்குத் தகுந்தபடி வன்பொருள் அவற்றைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். 1985இல் வந்த ஹேங் ஆன், ஸ்பேஸ் ஹேரியர் இரண்டிலும் இருந்த அதே வித்தையின் வளர்ச்சி. அவுட்ரன்னில் மேடு பள்ளமும் சேர்ந்தது.

சாலைதான் இதில் அழகு. ஸ்பிரைட்டும் இல்லை, பின்னணிப் படமும் இல்லை. சாலைக்கென்றே தனி வன்பொருள். திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டுக்கும் சாலை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அது வரைந்துகொள்ளும். கோட்டுக்குக் கோடு எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் வளைவு. அது ஒரே நேரத்தில் இரண்டு சாலையை வரையும். நீங்கள் பார்க்கும் அகலச் சாலை என்பது பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த இரண்டு சாலைகள். கட்ட முடிவில் சாலை பிரிகிறதே, அங்கே புதிதாக எதுவும் நடப்பதில்லை. ஒட்டியிருந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை பிரிவுக்கு முன்னால் நடுக்கோட்டைக் கவனியுங்கள், இரண்டு சாலையின் ஓரமும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரியும்.

சாலைக்கோடு என்று பெயர் வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருக்கலாமா?

#15 சாலைக்கோடு

தெரியும் ஐயா. 30இல் பார்த்தால்தான் அது தெரிகிறது என்பதே என் வாதம்.

#16 சோல்டர் சித்தப்பா

மூல போர்டு வைத்திருப்பவங்களுக்கு நான் கொஞ்சம் எழுதறேன். எமுலேட்டர்காரங்க தாண்டிப் போயிடலாம்.

முதல்ல கரன்ட். 5 வோல்ட்டை பவர் சப்ளையில அளக்காதீங்க, போர்டு மேல அளங்க. சப்ளையில 5.1 காட்டும், கனெக்டர்ல கருகின பின் இருந்தா போர்டுல 4.7 தான் வரும். இப்படிக் குறைஞ்சா ரீசெட் ஆகிக்கிட்டே இருக்கலாம், இல்லேன்னா ஸ்பிரைட் குப்பையா வரலாம். உடனே சிப் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. கனெக்டரைக் கழட்டி நிறம் மாறின பின்னை மாத்துங்க. சப்ளையை மட்டும் ஏத்தி 5.4ல வச்சு சமாளிக்கிறவங்க இருக்காங்க. கருகின பின் அதே சூட்டுல இன்னும் கருகும், ஒருநாள் கனெக்டர் சரியானா போர்டுக்கு முழு 5.4 போகும்.

அடுத்தது ரோம் சிப்புங்க. இத்தனை வருஷத்துல கால்ல களிம்பு ஏறியிருக்கும். கார்ல, மரத்துல நெட்டுக்குத்தா கோடு விழுந்தா மொதல்ல ஸ்பிரைட் ரோமைக் கழட்டி, காலைச் சுத்தம் பண்ணி, திரும்ப அமுக்குங்க. கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க, சிப் முனையில இருக்கிற பள்ளம் எந்தப் பக்கம்னு தெரியணும். திருப்பிப் போட்டா சிப் அதோட முடிஞ்சது.

ஒலி பாதிதான் வருதா? எது வரலைன்னு காதால பிரிங்க. மெட்டு போடறது ஒய்எம்2151 சிப், அதுக்குப் பின்னாடி ஒய்எம்3012. டிரம், சத்தங்கள் எல்லாம் தனியா பிசிஎம் (பதிவு செஞ்ச ஒலி) வழி. டிரம் மட்டும் தட்டுது, மெட்டு இல்லைன்னா 2151, 3012 பக்கம் பாருங்க. மெட்டு இருக்கு, டிரம் இல்லைன்னா பிசிஎம் சிப்பும் அதோட ரோமும். ரெண்டும் இல்லைன்னா இசட்80 பக்கம், இல்லேன்னா ஆம்ப்ளிஃபயர், 12 வோல்ட்.

மானிட்டர் 15 கிலோஹெர்ட்ஸ். சாதாரண கம்ப்யூட்டர் மானிட்டர்ல நேரா சொருகினா ஒண்ணும் வராது. போர்டு செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை.

#17 மாட்டுவண்டி

சித்தப்பு, நேராகப் போகும்போது கார் தானாக இடதும் வலதுமாகத் துடிக்கிறது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். மூல கேபினட் வைத்திருக்கிறாராம்.

#18 சோல்டர் சித்தப்பா

ஸ்டியரிங் பாட் தேஞ்சிருக்கு. பாட்டுன்னா பொட்டன்ஷியோமீட்டர், 5 கிலோ ஓம், லீனியர். கரித்தடம் மேல ஒரு சின்ன நாக்கு ஓடும். நேரா ஓட்டற நேரம்தானே அதிகம், அதனால நடுத்தடம்தான் முதல்ல தேயும். ஓரத்துல நல்லா இருக்கும், நடுவுல மட்டும் துடிக்கும். அறிகுறியே அதுதான்.

பார்க்கிற விதம்: டெஸ்ட் பொத்தானை அமுக்கி இன்புட் டெஸ்டுக்குப் போங்க. சக்கரத்தை நடுவுல வச்சு கையை எடுங்க. 80 பக்கத்துல நிக்கணும். ஒண்ணு ரெண்டு எண் ஆடினா கவலை இல்லை. 78, 88, 7சின்னு குதிச்சா பாட் மாத்தணும். காண்டாக்ட் ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு வாரம் வரும், தேஞ்ச கரி திரும்ப வராது.

மாத்தும்போது சக்கரத்தை நேரா வச்சு, பாட் தண்டையும் அதோட சுழற்சியில நடுவுக்கு வச்சுட்டுதான் பல்சக்கரத்தைக் கோக்கணும். எண் 80 காட்டும்போது திருகை இறுக்குங்க. இதைக் கவனிக்காம கோத்தா ஒரு பக்கம் ஈ0 வரும், இன்னொரு பக்கம் 40லயே நின்னுடும், இடது வளைவு மட்டும் திரும்பாது. அதைவிட மோசம், பாட் தன்னோட கடைசியில முட்டி உடையும்.

பெடலும் அதே கதை. முழுசா மிதிச்சும் 90 வராம 80லயே நின்னா கார் உச்ச வேகத்துக்கு ஏறாது. ஓட்டறவன் தன் திறமையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பான்.

இன்னொண்ணு. போர்டை மேஜை மேல வச்சு சோதிக்கும்போது டிப் சுவிட்சுல கேபினட் வகை மூவிங்ல இருக்கான்னு பாருங்க. ஆடுற கேபினட்ல ஆன் பண்ணதும் மோட்டார் இடது, வலது, நடுன்னு எல்லை சுவிட்சைத் தேடும். மேஜையில மோட்டார் ஏது? சோதனை ஃபெயில்னு வரும். அப் காக்பிட்டுக்கு (நின்னு ஓட்டற வகை) மாத்திக்கோங்க. உட்கார்ந்து ஓட்டற ரெண்டு வகையிலயும் மோட்டார் உண்டு, நின்னு ஓட்டற ரெண்டுலயும் சக்கரம் மட்டும் அதிரும்.

#19 தேங்காய்க்கரை

டர்போ அவுட்ரன் போர்டுக்கும் இதே வைத்தியம்தானா?

#20 சோல்டர் சித்தப்பா

இல்லை, அதுல வேற வில்லங்கம். 1989 டர்போவுல எஃப்டி1094னு ஒரு சிபியு, உள்ளயே பேட்டரி. நிரலைத் திறக்கிற சாவி அந்தப் பேட்டரி தர்ற கரன்ட்லதான் உயிரோட இருக்கு. பேட்டரி செத்தா சாவி போச்சு, போர்டு கறுப்புத் திரைதான். சாவி நீக்கின ரோமும் சாதா 68000மும் போட்டா எழுந்துக்கும். மூல அவுட்ரன்ல இந்தப் பேட்டரியே கிடையாது. வாங்கறவங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

#21 தேங்காய்க்கரை

பாட்டு பற்றி யாருமே பேசவில்லையே! ஹிரோஷி கவாகுச்சி போட்டது. தொடக்கத்தில் ரேடியோ திரை, ஸ்டியரிங்கைத் திருப்பினால் கை நகர்ந்து அலைவரிசை மாறும்: பாசிங் ப்ரீஸ், மேஜிக்கல் சவுண்ட் ஷவர், ஸ்பிளாஷ் வேவ். நேரம் தீர்ந்தோ முடித்தோ பெயர் பதியும் இடத்தில் லாஸ்ட் வேவ், பின்னால் கடல் அலைச் சத்தத்தோடு. தோற்றவனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இவ்வளவு மென்மையான பாட்டு வேறெந்த ஆர்கேட் ஆட்டத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

ஸ்பெக்ட்ரம் மாதிரி வீட்டுக் கணினிகளால் இந்த இசையைத் தாங்க முடியாது என்பதால் யூஎஸ் கோல்ட் நிறுவனம் 1987இல் ஆட்டத்தோடு தனியாக ஒரு பாட்டு கேசட்டையே வைத்து விற்றது.

#22 பிக்சல் பித்தன்

வீட்டுப் பதிப்புகள் பற்றிச் சுருக்கமாக. 1991இல் சேகாவின் மெகா டிரைவ் வீட்டுக் கருவிக்கு வந்தது அந்தக் கருவிக்கு நல்ல முயற்சி, ஸ்டெப் ஆன் பீட் என்று கூடுதலாக ஒரு பாட்டு. ஸ்பிரைட் அளவு மாறுவது மட்டும் படிப்படியாகத் தெரியும், அந்த வன்பொருளில் ஸ்கேலிங் இல்லை. 1996இல் சேகாவின் சாட்டர்ன் கருவிக்கு வந்ததுதான் வீட்டுக்குள் ஆர்கேடுக்கு இணையாக வந்த முதல் பதிப்பு, அதிலேயே 60 ஃபிரேம் வழி உண்டு. எம்2 நிறுவனம் செய்த நின்டெண்டோ 3டிஎஸ் பதிப்பில் ஒவ்வொரு கோலைத் தொடும்போதும் காருக்குப் புது பாகம் கிடைக்கும், இரண்டு புதுப் பாட்டும் உண்டு. அதே எம்2 ஸ்விட்சுக்கும் செய்திருக்கிறது. இன்று காசு கொடுத்து முறையாக வாங்கி ஓட்ட அதுதான் நேர்வழி.

3டிஎஸ், ஸ்விட்ச் பதிப்புகளில் காரின் உருவம் லேசாக மாறியிருப்பதைப் பார்க்கலாம். 1986இல் ஃபெராரி டெஸ்டரோசாவை அப்படியே வரைந்துவிட்டார்கள், அனுமதி எதுவும் வாங்காமல். இப்போது அது நடக்காது.

#23 மாட்டுவண்டி

இன்கிரிமென்டைக் குறைத்து ஆட்டோ சென்டரிங்கைக் கூட்டியதும் கார் பாம்பாக ஓடுவது நின்றுவிட்டது. முழு இடது பாதையில் வில்டர்னெஸ் தாண்டிவிட்டேன். வின்யார்டில் 3 விநாடி போதவில்லை. எங்கே பிடிக்கலாம்?

#24 ஹைகியர்

கோகோநட் பீச்சை மட்டும் கேனன்பாலின் டைம் டிரையலில் பத்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் வேக எண்ணைப் பாருங்கள். எங்கே 240க்குக் கீழே காட்டுகிறதோ அந்த வளைவுக்கு ஒரு லேன் முன்னாடியே உள்ளே வாருங்கள். 3 விநாடி முதல் கட்டத்திலேயே இருக்கிறது.

முன்னால் இரண்டு கார் ஒட்டிப் போனால் நடுவில் நுழையாதீர்கள். வெளிப்பக்கக் கார் வளைவில் உங்கள் லேனுக்கு வரும்.